இருபது அங்குல வழி

விமானத்தில் ஏறியதும் சீட் வரிசைகளுக்கு நடுவே ஒரு வழி போகிறதே, அதன் அகலத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது. தரையிலிருந்து 25 அங்குல உயரம் வரை குறைந்தது 15 அங்குலம், அதற்கு மேலே குறைந்தது 20 அங்குலம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதி. நடப்பவரின் காலுக்குக் கொஞ்சம், இடுப்புக்கும் தோளுக்கும் இன்னும் கொஞ்சம் என்று வெட்டிக் கொடுத்த வழி இது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பார்க்கும் சாதாரண மடக்கு வீல்சேர் 24, 25 அங்குல அகலம் இருக்கும். அதனால் அது விமானத்தின் கதவு வரைக்கும்தான் வரும்.

வழியை அகலப்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். ஏர்பஸ் ஏ320 விமானத்தின் உட்புற அகலமே 3.7 மீட்டர்தான். அதற்குள் பக்கத்துக்கு மூன்றாக ஆறு சீட்டுகள். வழிக்கு ஐந்து அங்குலம் கூட்டினால் அதை ஆறு பேரின் சீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஏற்கெனவே பக்கத்து ஆளின் முழங்கையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஆறு பேர். எந்த நிறுவனமும் அதைத் தானாகச் செய்யாது.

நடக்க முடியாதவரின் விமானப் பயணத்தைத் தீர்மானிப்பவை இப்படிச் சில அளவுகள்தான். வழியின் அகலம், கதவின் உயரம், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம், பேட்டரியின் கொள்ளளவு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு டிக்கெட் எடுப்பவரின் பயணமும் தெரியாமல் எடுப்பவரின் பயணமும் ஒன்றாக இருப்பதில்லை.

டிக்கெட்டிலிருந்தே தொடங்கலாம். 'வீல்சேர் வேண்டும்' என்று சொன்னால் கவுன்டரில் இருப்பவர் கணினியில் நான்கெழுத்துக் குறியீடு ஒன்றைத் தட்டுவார். உலக விமான நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறியீடு அது. முதல் மூன்று எழுத்துகள் எப்போதும் டபிள்யூ, சி, எச். நான்காவது எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஆர்' என்றால் இவரால் நெடுந்தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறுவார், உள்ளே தானே சீட்டுக்குப் போய்விடுவார். 'எஸ்' என்றால் படி ஏற மாட்டார், விமானத்துக்குள் மட்டும் நடப்பார். 'சி' என்றால் சீட் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

விசாரிக்காமல் தட்டினால் பெரும்பாலும் விழுவது 'ஆர்'. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒருவருக்கு 'ஆர்' விழுந்திருந்தால், விமானம் முனையத்தை விட்டுத் தள்ளி நிற்கும் அன்றைக்குத்தான் அது வெளியே வரும். பேருந்து கொண்டுபோய் விட்ட இடத்தில் படிக்கட்டு நின்றுகொண்டிருக்கும். தூக்க ஆள் இருக்காது, தூக்கும் வண்டியும் இருக்காது. ஆகவே பதிவு செய்யும்போதே நான்காவது எழுத்து என்ன போட்டீர்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. இந்திய விதிப்படி உதவி தேவை என்பதைப் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதியும் அதே 48 மணி நேரத்தைத்தான் சொல்கிறது.

இடையில் ஒரு சங்கதி. மகளின் பிரசவம் பார்க்க அமெரிக்கா கிளம்பும் அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகளே வீல்சேர் போட்டுவிடுவது இப்போது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. காலில் குறை இருக்காது. துபாயிலோ பிராங்பர்ட்டிலோ விமானம் மாற வேண்டும், ஆங்கிலம் சரளமாக வராது, கூட ஒரு ஆள் வந்தால் தேவலை, அவ்வளவுதான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வழிகாட்ட மட்டும் ஆள் தரும் தனிச் சேவை உண்டு. அதற்கும் எம்.ஏ.ஏ.எஸ். என்று குறியீடு இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்டால் கிடைக்கும்படி நிறுவனங்கள் செய்துவைப்பதும் குறைவு. விளைவு, இருக்கும் வீல்சேர்கள் தீர்ந்துபோகின்றன. 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில் இரண்டு வீல்சேர் கேட்டிருந்த வயதான தம்பதிக்கு ஒன்றுதான் கிடைத்தது. அதை மனைவிக்குக் கொடுத்துவிட்டுக் கூடவே நடந்து வந்த 80 வயதுக் கணவர் குடியேற்றச் சோதனைப் பகுதியில் சரிந்து விழுந்து இறந்தார். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சம்பந்தப்பட்ட விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

சரி, கதவின் உயரத்துக்கு வருவோம். ஏ320 விமானத்தின் முன்கதவு தரையிலிருந்து ஏறக்குறைய 3.4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரோபிரிட்ஜ் இருந்தால் இந்த உயரம் கண்ணிலேயே படாது. இல்லாத இடத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆம்புலிஃப்ட். லாரியின் முதுகில் ஏற்றிய ஒரு சிறு அறை, வீல்சேரோடு அப்படியே மேலே உயர்ந்து விமானக் கதவோடு போய்ப் பொருந்தும். இன்னொன்று சாய்தளம். கட்டடங்களில் வீல்சேருக்கான சாய்தளம் 12 அடி ஓடினால் ஒரு அடி ஏற வேண்டும் என்பது பொது அளவு. அந்தக் கணக்கில் 3.4 மீட்டர் ஏற ஏறத்தாழ 41 மீட்டர் நீளம் வேண்டும். விமானத்தை ஒட்டி அவ்வளவு நீளத்துக்கு இடம் எங்கே இருக்கிறது? அதனால்தான் விமானச் சாய்தளங்கள் மடிந்து மடிந்து ஏறுகின்றன, சரிவும் அதிகம். ஆளும் நாற்காலியுமாக 100 கிலோ என்றால், பன்னிரண்டுக்கு ஒன்று சரிவில் தள்ள எட்டு கிலோவைத் தூக்கும் அளவு பலம் போதும். எட்டுக்கு ஒன்று என்று சரிவு கூடினால் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் வேண்டும். இறங்கும்போது அதே பலத்தால் பிடித்து நிறுத்த வேண்டும். அதனால் நாற்காலியைப் பின்புறமாகத் திருப்பித்தான் இறக்க வேண்டும். முகம் முன்னால் பார்க்க இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்னே சரிவார். தள்ளுபவர் புதியவராக இருந்தால் இதை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

தூத்துக்குடி மாதிரி ஊர்களுக்கு ஓடும் ஏடிஆர் விமானத்தின் கதை வேறு. அதன் கதவு ஆள் உயரத்துக்கும் கீழே. கதவே திறந்து படிக்கட்டாகிவிடும். நான்கைந்து படிதானே என்று தோன்றும். ஆனால் குறுகலான படி, தூக்குகிற இருவரும் பக்கம் பக்கமாக நிற்க இடமில்லை. உயரம் குறைந்த விமானம் எல்லோருக்கும் சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. டிக்கெட் எடுக்கும் பக்கத்திலேயே விமானத்தின் வகை போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

விமானத்தில் ஏறும் முன் நடக்கும் பாதுகாப்புச் சோதனையில் உலோகச் சட்டத்துக்குள் நுழைந்து போக வீல்சேரால் முடியாது, நாற்காலியே இரும்பும் அலுமினியமும்தானே. அதனால் கையால் தடவிப் பார்ப்பார்கள். பிறகு ஒரு சின்னத் துணித்துண்டால் சக்கரத்தையும் கைப்பிடியையும் துடைத்து ஒரு பெட்டிக்குள் செருகுவார்கள். பெட்டி அதைச் சூடாக்கி, ஆவியாகும் மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, ஒரு குழாய் வழியே ஓடவிடும். கனமான, பெரிய மூலக்கூறு மெதுவாகவும் சிறியது வேகமாகவும் போய்ச் சேரும். போய்ச் சேரும் நேரத்தை வைத்தே வெடிமருந்தா இல்லையா என்று சில நொடிகளில் சொல்லிவிடும். வயல் வரப்பில் உருண்டு வந்த சக்கரத்தில் உரத்தின் நைட்ரேட் ஒட்டியிருந்தால் அதற்கும் மணி அடிக்கும். பதற வேண்டாம், மறுபடி துடைத்துப் பார்ப்பார்கள்.

செயற்கைக் கால் விஷயத்தில்தான் கசப்பு அதிகம். நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981இல் திருச்சி அருகே நடந்த விபத்தில் ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு மேடைக்குத் திரும்பியவர். நாடறிந்த அவரே ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் ஒரு வீடியோவில் பிரதமரிடம் முறையிட்டார். மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தனியறை கேளுங்கள், கூட இருப்பவரையும் அழைத்துக்கொள்ளுங்கள்.

கதவுக்கு வந்துவிட்டோம். இங்கே சொந்த நாற்காலியை விட்டு, 'ஐல் சேர்' என்று அவர்கள் சொல்லும் ஒடுங்கிய நாற்காலிக்கு மாற வேண்டும். சிறு சக்கரங்கள், மார்புக்கும் இடுப்புக்கும் காலுக்கும் வார். கைகளை மடியில் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள், இல்லாவிட்டால் முழங்கை ஒவ்வொரு சீட்டிலும் இடிக்கும். சீட்டுக்குப் பக்கத்தில் போனதும்தான் உண்மையான சிக்கல். வழியோரச் சீட்டின் கைப்பிடி குறுக்கே நிற்கும். அதற்கு மேலே ஆளைத் தூக்கிக் கடத்த இரண்டு பேர் மூச்சுப்பிடிப்பார்கள்.

தேவையே இல்லை. பல விமானங்களில் அந்தக் கைப்பிடியும் மேலே மடங்கும். பின்பக்கம், கீல் இருக்கும் இடத்துக்கு அடியில் விரலை விட்டுத் தடவினால் ஒரு சிறு நெம்போ பொத்தானோ தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் கைப்பிடி எழுந்து நின்றுவிடும். பயணிகள் சும்மா தூக்கி வைத்துவிடக் கூடாது என்றுதான் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இதை அறியாமல் ஆண்டுக்கணக்காக விமானத்தில் பறப்பவர்களே அதிகம். அமெரிக்காவில் 30 சீட்டோ அதற்கு மேலோ உள்ள விமானங்களில் வழியோரக் கைப்பிடிகளில் பாதியாவது இப்படி மடங்க வேண்டும் என்பது விதி. எல்லா வரிசையிலும் இருக்காது என்பதால், 'கைப்பிடி மடங்கும் வரிசை வேண்டும்' என்று பதிவு செய்யும்போதே கேட்கலாம். கைப்பிடி எழுந்த பிறகு ஐல் சேரும் சீட்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும். ஒரு வழுக்குப் பலகை இருந்தால் ஆளைத் தூக்காமலே நகர்த்திவிடலாம்.

அவசர வழி வரிசையில் இடம் தர மாட்டார்கள், அதில் வாதாடிப் பயனில்லை. பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 நொடிக்குள் விமானத்தைக் காலி செய்ய முடியும் என்று நிரூபித்தால்தான் ஒரு புதிய வகை விமானத்துக்குச் சான்றிதழ். 2006இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்த ஏ380 சோதனையில் 873 பேர் 78 நொடியில் வெளியேறினார்கள். பிரமாதமான சாதனைதான். ஆனால் அது காலும் கையும் திடமானவர்களை வைத்துப் போட்ட கணக்கு.

இனி காற்றழுத்தம். மேலே முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே நம் உடம்பு உணரும் உயரம் 8,000 அடிக்கு மேல் போகாமல் வைத்திருக்கிறார்கள். ஊட்டி 7,350 அடி, தொட்டபெட்டா 8,650 அடி. சென்னையில் ஏறியவர் அரை மணி நேரத்தில் ஊட்டியைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய் உட்கார்ந்துவிடுகிறார். போயிங் 787இல் இது 6,000 அடி.

இதன் முதல் விளைவு மூச்சில். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். அழுத்தம் முக்கால் பங்காகிவிடுவதால், கடல் மட்டத்தில் 15 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமமாகிறது. ஆரோக்கியமானவருக்கே ரத்த ஆக்சிஜன் 90களின் தொடக்கத்துக்கு இறங்கும், அவருக்கு அது தெரியாது. நுரையீரல் நோய் இருப்பவருக்கோ, தசைச் சிதைவால் மூச்சுத் தசைகள் தளர்ந்தவருக்கோ இது பெரிய வீழ்ச்சி. 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றைத் தரையிலேயே சுவாசிக்க வைத்துப் பார்க்கும் சோதனை இருக்கிறது, நுரையீரல் மருத்துவரிடம் கேட்கலாம். மேலிருந்து விழும் மஞ்சள் முகமூடி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஒருமுறை மூட்டிவிட்டால் கால் மணி நேரம் போல ஆக்சிஜன் தந்து தீர்ந்துபோகும் ரசாயனக் குப்பி. சொந்த சிலிண்டரைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கையடக்க இயந்திரத்தை அனுமதிப்பார்கள். பயண நேரத்தைப் போல ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி கையில் இருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்கும்.

இரண்டாவது விளைவு அதிகம் பேசப்படாதது. அழுத்தம் குறைந்தால் அடைபட்ட காற்று விரியும். 8,000 அடியில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியப் பார்க்கும். வயிறு உப்புவதும், குடல் பை வைத்திருப்பவர்களுக்குப் பை புடைப்பதும் இதனால்தான். படுக்கைப் புண் வராமலிருக்க வீல்சேரிலிருந்து எடுத்துச் சீட்டில் போட்டுக்கொள்ளும் காற்று மெத்தையும் அப்படியே. தரையில் அளவாகக் காற்றடித்த மெத்தை மேலே போனதும் இறுகி, உடம்பை அணைத்துத் தாங்குவதை விட்டுவிட்டுக் கல்லாகிவிடும். எடை முழுவதும் பிட்டத்தின் இரண்டு எலும்பு முனைகளில் இறங்கும். உணர்வு இருப்பவர் நெளிந்து உட்காருவார். உணர்வில்லாதவருக்குத் தெரியாது, மறுநாள் தோல் சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் தெரியும். மேலே போனதும் அடியில் கைவிட்டுப் பார்த்துக் கொஞ்சம் காற்றை இறக்கலாம். ஆனால் இறங்கும்போது அது சப்பையாகிவிடும் என்பதை மறக்காமல் பம்பையும் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். நுரை மெத்தைக்கு இந்தத் தொல்லை இல்லை. வீல்சேர் டயருக்குக் காற்றைப் பிடுங்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். சரக்கு அறையிலும் பயணிகள் அறையின் அதே அழுத்தம்தான், 8,000 அடிக்கு டயர் தாங்கும்.

மூன்றாவது, ஈரம். வெளியே ஐம்பது டிகிரி உறைகுளிரில் இருக்கும் காற்றில் ஈரமே இருக்காது. அதைத்தான் இயந்திரம் அழுத்திப் பதப்படுத்தி உள்ளே விடுகிறது. அதனால் நீண்ட பயணத்தில் உள்ளே ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான். உடம்பு நீரை இழந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில்தான் நம் ஆட்கள் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறார்கள். காரணம் ஊரறிந்தது, கழிப்பறைக்குப் போக முடியாது. ஏ320, 737 மாதிரி ஒற்றை வழி விமானங்களின் கழிப்பறைக்குள் ஐல் சேர் நுழைவதே கடினம். அமெரிக்கா 2023இல் இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது, 125 சீட்டோ அதற்கு மேலோ உள்ள புதிய ஒற்றை வழி விமானங்களில் வீல்சேர் நுழையும் கழிப்பறை வேண்டும் என்று. அமலுக்கு வருவது அடுத்த பத்தாண்டில். அதுவரை தண்ணீர் குடிக்காமல் இருங்கள் என்பதே நடைமுறை. இதைத் தீர்வு என்று எப்படிச் சொல்வது?

குடிக்காமலும் அசையாமலும் உட்கார்ந்திருப்பதில் ஆபத்தும் இருக்கிறது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. பொதுவாக அது ஆறாயிரத்தில் ஒருவருக்கு வரும் அளவுதான். ஆனால் ரத்தத்தை மேலே தள்ளும் கெண்டைக்கால் தசை வேலை செய்யாதவர் தன் மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர்களில், முதுகுத்தண்டு மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. குழாய் மடிந்து பை நிரம்பாமல் நின்றுவிட்டால், மூத்திரப்பையின் முறையீடு மூளையை எட்டாது. கீழே ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். தலைவலி, வியர்வை, முகச் சிவப்பு. விமானப் பணிப்பெண் தலைவலி மாத்திரை கொண்டுவருவார். முதலில் பார்க்க வேண்டியது குழாயை. நிமிர்ந்து உட்கார வைத்துக் குழாயின் மடிப்பை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். இந்த மூன்று வரியை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு இருக்கிறதே, ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டால்? 2012இல் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு ஒரு கருத்தரங்குக்குக் கிளம்பிய ஜீஜா கோஷ், மூளை முடக்குவாதம் உள்ள செயற்பாட்டாளர், சீட்டில் உட்கார்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. 2022இல் ராஞ்சியில் ஒரு சிறுவனை ஏற்ற மறுத்ததற்கு ஐந்து லட்சம் அபராதம் விழுந்தது. அதற்குப் பின் விதிகளில் வந்த திருத்தம் தெளிவானது. உடற்குறையைக் காட்டி ஏற்ற மறுக்கக் கூடாது. வழியில் உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் நினைத்தால், மருத்துவர் நேரில் பார்த்து, பறக்கலாமா கூடாதா என்று எழுத்தில் சொல்ல வேண்டும். கவுன்டரில் இருப்பவரின் ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

மோட்டார் வீல்சேர் என்றால் பேட்டரிதான் முதல் கேள்வி. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி ஒன்று என்றால் 300 வாட்-மணி வரை, இரண்டு என்றால் தலா 160 வரை. அவற்றைக் கழற்றிக் கையோடு உள்ளே எடுத்துவர வேண்டும். தீப்பிடிக்கும் பொருளை ஆட்களுக்கு நடுவே கொண்டுவரச் சொல்வது விசித்திரமாகப் படும். சரக்கு அறையில் தீயணைக்கும் வாயு சாதாரணத் தீயை அடக்கும். லித்தியம் பேட்டரி தனக்குள் ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குத் தானே சூட்டைக் கடத்தி எரிவது, அந்த வாயுவுக்குக் கட்டுப்படாது. உள்ளே என்றால் புகை வந்த நொடியே ஒருவர் பார்ப்பார், தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். ஐஐடி மெட்ராஸில் உருவான நியோபோல்ட் மாதிரி, வீல்சேரின் முன்னால் மாட்டி ஸ்கூட்டர் போல ஓட்டும் கருவி வைத்திருப்பவர்களும் இதே கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளூரில் கட்டிய பேட்டரியின் மேல் எண் அச்சிடாமல் இருப்பது வழக்கம். எண் இல்லாத பேட்டரியை எந்த ஊழியரும் ஏற்க மாட்டார், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

நாற்காலி இப்போது சரக்கு அறைக்குப் போகிறது. 737இன் சரக்குக் கதவு ஒரு மீட்டருக்கும் குறைவான உயரம். முதுகு உயர்ந்த மோட்டார் வீல்சேர் நிமிர்ந்து நுழையாது, சாய்ப்பார்கள். நூறு, நூற்றைம்பது கிலோ எடையைச் சாய்க்கும்போதுதான் ஜாய்ஸ்டிக் உடைகிறது, சட்டம் வளைகிறது. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் மட்டும் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீல்சேர்களையும் ஸ்கூட்டர்களையும் சேதப்படுத்தியோ தொலைத்தோ விடுகின்றன. கழற்றக்கூடியது எதுவோ, மெத்தை, கால் தாங்கி, ஜாய்ஸ்டிக், கழற்றி உள்ளே எடுத்துவரலாம். பிரேக்கை எப்படி விடுவிப்பது, எங்கே பிடித்துத் தூக்குவது, எங்கே பிடிக்கக் கூடாது என்று படம் போட்ட அட்டையை நாற்காலியிலேயே கட்டிவிட்டால், இருட்டில் அவசரமாக வேலை செய்யும் லோடருக்கு அதுவே உதவி. ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் போட்டோ. இறங்கும் இடத்தில் நாற்காலி விமானக் கதவுக்கே வர வேண்டும் என்று டேக்கில் எழுதச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிகளோடு பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். உடைந்திருந்தால் வெளியே வருவதற்கு முன்பே எழுத்தில் புகார். வெளிநாட்டுப் பயணத்தில் மான்ட்ரியல் ஒப்பந்தம் உடைமைக்குத் தரும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு, நல்ல மோட்டார் வீல்சேரின் விலைக்கு அது காணாது. ஏறும் முன்பே மதிப்பை அறிவித்துப் பதிவு செய்தால் வரம்பு உயரும்.

சொந்த நாற்காலியோடே உள்ளே போய் உட்கார முடியாதா? விமான சீட் 16 மடங்கு புவியீர்ப்பு விசையில் முன்னே எறியப்பட்டாலும் தரையிலிருந்து பிய்யாமல் நிற்க வேண்டும். சந்தையில் இருக்கும் வீல்சேர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆனாலும் இது முடியாத காரியம் அல்ல, தொழில்நுட்பத் தடை எதுவும் பெரிதாகத் தெரியவில்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வுக்குழு 2021இல் அறிக்கை கொடுத்தது. 2023இல் ஹாம்பர்க் கண்காட்சியில் டெல்டா விமான நிறுவனத்தின் துணை நிறுவனமும் பிரிட்டிஷ் வடிவமைப்பாளர்களும் சேர்ந்து ஒரு மாதிரியைக் காட்டினார்கள். வழக்கமான சீட்டின் இருக்கைப் பலகை மேலே மடங்கும், அந்த இடத்தில் வீல்சேர் பின்னோக்கி நகர்ந்து பூட்டிக்கொள்ளும். வீல்சேர் வராத நாளில் அதே இடத்தை வேறு பயணிக்கு விற்கலாம், அதனால் நிறுவனத்துக்கு நட்டமில்லை என்பது அவர்கள் வாதம். இடத்தை முன்கதவுக்குப் பக்கத்து வரிசையில் வைத்திருக்கிறார்கள். அங்கே வைத்தால் நாற்காலி அந்த இருபது அங்குலத்துக்குள் நுழைய வேண்டிய வேலையே வராது.